"பைத்தியக்கார ஆஸ்பத்திரி பத்தி எழுதறவங்க நீங்கதானே?" – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய மனநல மருத்துவமனைகளின் வரலாற்றை வைத்துக் கதையும் கட்டுரையும் எழுதுகிறேன். இருப்பது பெங்களூரில், எழுதுவது தமிழில். இலக்கியக் கூட்டமானாலும் சரி, கல்யாணப் பந்தியானாலும் சரி, என்னிடம் வரும் கேள்விகள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான். தனித்தனியாகப் பதில் எழுதி அலுத்துவிட்டது. எல்லாவற்றையும் இங்கே ஒன்றாகப் போட்டுவிடுகிறேன்.

நீங்கள் டாக்டரா?

இல்லை. ஒரு கம்பெனியின் கணக்குப் பிரிவில் பல வருடம் வேலை பார்த்தேன். வவுச்சர், ரசீது, பேரேடு என்றே காலம் போனது. மனநல மருத்துவம் பற்றி எனக்குத் தெரிந்தது எல்லாம் படித்தும் விசாரித்தும் தெரிந்துகொண்டதுதான். எந்த மாத்திரையை நிறுத்தலாம், எதைத் தொடரலாம் என்று தயவுசெய்து என்னிடம் கேட்காதீர்கள். கேட்கிறார்கள், அதனால்தான் சொல்கிறேன்.

அப்படியானால் சொந்த அனுபவமா?

இந்தக் கேள்வியை மட்டும் குரலைத் தாழ்த்திக் கேட்பார்கள்: "சொந்த அனுபவமா மேடம்?" நான் நோயாளியாக இருந்ததில்லை. இருந்திருந்தால் அதையும் இங்கேயே எழுதியிருப்பேன்.

இந்த ஆர்வம் எங்கிருந்து வந்தது?

நான் வளர்ந்தது பெங்களூரு ஆஸ்டின் டவுனில். மனநோய்க்கும் நரம்பு நோய்க்கும் பார்க்கும் பெரிய ஆஸ்பத்திரியான நிம்ஹான்ஸ், அங்கிருந்து பஸ்ஸில் கொஞ்ச தூரம்தான். தர்மபுரி, பாலக்கோடு, ஊத்தங்கரைப் பக்கத்துச் சொந்தக்காரர்களுக்கு எங்கள் வீட்டின் அருமையே அதுதான். ராத்திரி பஸ்ஸில் வந்து இறங்குவார்கள். பாயை விரித்துப் படுத்து, விடிவதற்கு முன்பே எழுந்து ஓ.பி. சீட்டு வாங்கக் கிளம்புவார்கள். ஒரு மஞ்சப்பையில் புளியோதரைப் பொட்டலம், இன்னொன்றில் பழைய சீட்டுகள். பக்கத்து வீட்டு அக்கா எட்டிப் பார்த்தால் அம்மா தயாராகப் பதில் வைத்திருப்பார்: "நரம்புக்குக் காட்ட வந்திருக்காங்க." அது முழுப் பொய்யும் இல்லை. வலிப்பு, தலைக்காயம், மூளைக் கட்டி எல்லாவற்றையும் அதே வளாகத்தில்தான் பார்க்கிறார்கள். எந்த வாசலில் நுழைகிறார்கள் என்பது அவர்களுக்கும் எங்களுக்கும் மட்டுமே தெரியும்.

அப்படி வந்தவர்களில் ஒரு அண்ணன் உண்டு. யாரிடமும் அதிகம் பேசமாட்டார். திண்ணையில் உட்கார்ந்து, மருந்துச் சீட்டைத் திருப்பி, அதன் பின்பக்கத்தில் தெருவில் போகும் வண்டிகளின் நம்பர்களை எழுதிக்கொண்டிருப்பார். அழகான கையெழுத்து, கோடு போட்டதுபோல நேர் வரிசை. சீட்டின் முன்பக்கத்தில் டாக்டர் எழுதியதை யாராலும் படிக்க முடியாது. சின்ன வயதில் எனக்கு இது பெரிய வேடிக்கை. அவருக்கு என்ன என்று கேட்டபோது முதுகில் ஒன்று விழுந்தது, அதோடு கேட்பதை விட்டுவிட்டேன்.

வேலைக்குப் போய், கையில் கொஞ்சம் காசும் நேரமும் சேர்ந்த பிறகுதான் இந்த ஆஸ்பத்திரிகளுக்கெல்லாம் ஒரு முன்கதை இருக்குமே என்று தேட ஆரம்பித்தேன்.

சரி, பெங்களூரு ஆஸ்பத்திரியின் முன்கதை என்ன?

1847-ல் பெங்களூரு பேட்டையில் ஒரு மனநோய் விடுதி, அன்றைய பெயரில் 'லூனாடிக் அசைலம்', தொடங்கப்பட்டது. ஆரம்பித்தவர் சார்லஸ் இர்விங் ஸ்மித் என்ற டாக்டர். மைசூர் ராஜ்யத்தின் நிர்வாகம் அப்போது பிரிட்டிஷ் கமிஷனர் கையில் இருந்தது. 1925-ல் அதற்கு மைசூர் அரசு மனநல மருத்துவமனை என்று பெயர் மாற்றினார்கள். அதற்குள் நாடு முழுவதுமே அந்தப் பழைய பெயரைக் கைவிட்டுக்கொண்டிருந்தது. 1930-களில் ஊருக்கு வெளியே, லால்பாக்கைத் தாண்டி இன்றிருக்கும் இடத்துக்கு வந்தது. ஊருக்கு வெளியே என்று நான் எழுதினால் டெய்ரி சர்க்கிள் நெரிசலில் நிற்பவர்கள் சிரிப்பார்கள். ஆனால் அன்றைக்கு அப்படித்தான். 1954-ல் அகில இந்திய மனநல நிறுவனம் அங்கே பயிற்சிக்காகத் தொடங்கப்பட்டது. அதன் முதல் இயக்குநர் எம்.வி. கோவிந்தசுவாமி. 1974 டிசம்பரில் ஆஸ்பத்திரியும் நிறுவனமும் ஒன்றாகி நிம்ஹான்ஸ் ஆனது.

சென்னைக்கு இன்னும் நீளமான கதை உண்டு. வேலண்டைன் கொனோலி என்ற கிழக்கிந்தியக் கம்பெனி சர்ஜன் 1794-லேயே புரசைவாக்கம் பக்கம் ஒரு விடுதி நடத்தினார். ஆளுக்கு இவ்வளவு என்று கம்பெனி பணம் கட்டியது. கீழ்ப்பாக்கத்துக்கு ஆஸ்பத்திரி வந்தது 1871-ல். சினிமா காமெடியில் இன்றுவரை அடிபடும் அந்தக் கீழ்ப்பாக்கம்தான்.

எழுதுவதற்கு விஷயம் எங்கே கிடைக்கிறது?

காகிதத்தில். பிரிட்டிஷ் ஆட்சியில் ஒவ்வொரு மாகாணமும் தன் விடுதிகளைப் பற்றி ஆண்டறிக்கை வெளியிட்டது. எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை பேர் குணமானார்கள், எத்தனை பேரைச் சொந்தக்காரர்கள் கூட்டிப்போனார்கள், எத்தனை பேர் இறந்தார்கள், சாப்பாட்டுக்கு எவ்வளவு செலவு, தோட்டத்திலும் தறியிலும் நோயாளிகள் செய்த வேலையால் எவ்வளவு வரவு என்று எல்லாவற்றுக்கும் அட்டவணை. ஸ்காட்லாந்து தேசிய நூலகம் இவற்றில் ஏராளமானவற்றை இணையத்தில் இலவசமாகப் போட்டிருக்கிறது. யார் வேண்டுமானாலும் வீட்டிலிருந்தே படிக்கலாம். நிம்ஹான்ஸ் டாக்டர்கள் சஞ்சீவ் ஜெயினும் பிரதிமா மூர்த்தியும் இந்த வரலாற்றை நிறைய எழுதியிருக்கிறார்கள். பெங்களூரு பற்றி நான் கற்றதில் பாதி அவர்கள் தயவு.

அந்த அட்டவணைகளில் என்னைப் பிடித்து உட்காரவைத்தது ஒரே ஒரு பத்திதான்: "நோய்க்கான காரணம்". துக்கம், காய்ச்சல், குடி, பரம்பரை என்று வரிசையாகப் போகும். இந்திய விடுதிகளில் இந்த வரிசையில் கஞ்சாவுக்குப் பெரிய இடம் இருந்தது. இந்தியாவில் பைத்தியம் பெருகக் கஞ்சாதான் காரணம் என்று லண்டன் பார்லிமென்ட் வரை பேச்சு போய், 1893-ல் இந்திய அரசு ஒரு கமிஷன் போட்டது. அடுத்த வருடம் வந்த அறிக்கை ஏழு தொகுதி. அதில் விடுதிகளைப் பற்றிய பகுதியை நான் துப்பறியும் கதைபோலப் படித்தேன்.

கமிஷன் என்ன செய்தது என்றால், புள்ளிவிவரத்தை அப்படியே நம்பாமல், 1892-ல் பிரிட்டிஷ் இந்திய விடுதிகளில் கஞ்சாவால் என்று பதிவாகிச் சேர்ந்தவர்களை ஒவ்வொருவராக எடுத்து ஊருக்கே ஆள் அனுப்பி விசாரித்தது. அந்த வருடம் மொத்தம் சேர்ந்தவர்கள் 1,344 பேர். அதில் 222 பேருக்குக் காரணம் கஞ்சா என்று பதிவாகியிருந்தது. விசாரித்துப் பார்த்தால் கஞ்சாவுக்கும் நோய்க்கும் ஏதோ தொடர்பு சொல்லக்கூடியவர்கள் 98 பேர்தான். அதிலும் வேறு காரணம் கலக்காமல் கஞ்சா மட்டும் என்று சொல்லக்கூடியவர்கள் 61.

மற்றவர்கள் எப்படி அந்தப் பத்திக்குள் வந்தார்கள்? சந்தையில் தனியாகப் பேசிக்கொண்டு அலையும் ஒருவரைப் போலீஸ் பிடிக்கிறது. ஊர் பேர் தெரியாது. மாஜிஸ்திரேட்டிடம் கொண்டுபோக ஒரு படிவம் உண்டு, அதில் காரணம் என்று ஓர் இடம் உண்டு. காலியாக விட்டால் படிவம் திரும்பி வரும். ஏட்டு கஞ்சா என்று எழுதுகிறார். விடுதியின் டாக்டர் அதைப் பார்த்துத் தன் பதிவேட்டில் ஏற்றுகிறார். அது ஆண்டறிக்கைக்குப் போகிறது, அங்கிருந்து லண்டனுக்கு. எங்கள் கணக்குப் பிரிவில் எந்தத் தலைப்பிலும் அடங்காத தொகையை சஸ்பென்ஸ் கணக்கில் போட்டு வைப்போம். அந்தக் காலத்துப் போலீஸ் ஸ்டேஷனுக்குக் கஞ்சாதான் சஸ்பென்ஸ் கணக்கு. வித்தியாசம் என்னவென்றால், நாங்கள் வருடக் கடைசியில் அதைத் தீர்த்தாக வேண்டும்.

இதைப் படித்ததிலிருந்து எந்தப் பழைய பதிவேட்டைப் பார்த்தாலும் எனக்கு எழும் கேள்வி ஒன்றுதான்: இந்தப் பத்தியை நிரப்பியது யார், அவருக்கு என்ன அவசரம்? நான் எழுதிய எல்லாவற்றுக்கும் அடியில் இதுதான் ஓடுகிறது.

உங்கள் கதைகளில் ஒரு கம்பவுண்டர் வந்துகொண்டே இருக்கிறாரே, ஏன்?

சூப்பரின்டெண்டன்ட் வெள்ளைக்காரர். வந்து சேர்ந்தவர் கன்னடமோ தமிழோ தெலுங்கோ தக்கினியோ பேசுபவர். கன்டோன்மென்ட் பக்கமென்றால் பட்டாளத்தோடு வந்த தமிழர்கள். "என் நாக்குல யாரோ உக்காந்துகிட்டு பேசறாங்க" என்று ஒருத்தி சொன்னால் அதை ஆங்கிலத்தில் டாக்டருக்குச் சொல்ல ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் காயத்துக்குக் கட்டுப் போடும் டிரெஸ்ஸராக இருக்கலாம், கம்பவுண்டராக இருக்கலாம், வாசல் காவல்காரராகக்கூட இருக்கலாம். அறிக்கையின் பக்கங்களில் அவர் பெயர் தட்டுப்படாது. அவர் ஒரு வார்த்தையை விழுங்கினால் ஒருத்தியின் பத்து வருடம் போய்விடும். நாவல் எழுதுபவருக்கு இதைவிட என்ன வேண்டும்? அதனால்தான் வருகிறார், இனியும் வருவார்.

பேய்க் கதை ஏன் எழுதமாட்டேன் என்கிறீர்கள்? நல்லா விற்குமே?

விற்கும். அமெரிக்காவில் மேற்கு வர்ஜீனியாவின் வெஸ்டன் ஊரில் மிகப் பெரிய கல் கட்டடம் ஒன்று இருக்கிறது. 1864-ல் நோயாளிகளைச் சேர்க்கத் தொடங்கி 1994-ல் மூடப்பட்ட மனநல ஆஸ்பத்திரி. 250 பேருக்காகக் கட்டியது, 1950-களில் சுமார் 2,400 பேரை அடைத்து வைத்திருந்தார்கள். இன்று டிக்கெட் வாங்கிக்கொண்டு ராத்திரியில் பேய் தேடப் போகலாம். லண்டன் பெத்லம் ஆஸ்பத்திரியிலும் ஒரு காலத்தில் இதே வேலைதான். பொழுதுபோக்காக நோயாளிகளைப் பார்க்கக் கூட்டம் கூட்டமாக வருவார்கள், வருபவர்கள் உண்டியலில் காசு போடுவார்கள். 1770-ல்தான் அதற்குக் கட்டுப்பாடு வந்தது.

250 பேருக்கான இடத்தில் 2,400 பேர் எப்படித் தூங்கினார்கள், எத்தனை கழிப்பறை, ராத்திரி எத்தனை பேர் காவல் என்று கேட்க ஆரம்பித்தால் பேய் தேவைப்படாது. பேய் வைத்தால் இந்தக் கேள்வியெல்லாம் கேட்க வேண்டியதில்லை, எழுதுபவருக்கும் சுலபம். எனக்கு அந்தச் சுலபம் பிடிக்கவில்லை.

கட்டடங்கள் மேல் உங்களுக்கு ஒரு மயக்கம் இருக்கிறதல்லவா?

இருக்கிறது, மறுக்கவில்லை. வெஸ்டன் கட்டடம் தாமஸ் கிர்க்பிரைடு என்ற பிலடெல்பியா டாக்டரின் திட்டப்படி கட்டியது. நடுவில் நிர்வாகம், இரண்டு பக்கமும் வார்டுகள் படிப்படியாகப் பின்வாங்கிப் போகும். மேலிருந்து பார்த்தால் வௌவால் இறக்கை விரித்த மாதிரி. ஒவ்வொரு வார்டுக்கும் வெளிச்சமும் காற்றும் வர வேண்டும், ஜன்னலில் தோட்டம் தெரிய வேண்டும் என்பது அவர் பிடிவாதம். கட்டடமே பாதி மருந்து என்று நம்பினார்கள். நல்ல எண்ணம்தான். ஆள் கூடக் கூட அதே இறக்கைகள் கிடங்காகிப் போயின.

நம் ஊரில் கட்டடத்தைவிட, யாருக்குக் கட்டினார்கள் என்பதுதான் என்னைப் படிக்க வைக்கிறது. ராஞ்சிக்குப் பக்கத்தில் காங்கே என்ற இடத்தில் 1918-ல் ஐரோப்பியர்களுக்கு மட்டும் ஒரு மனநல விடுதி திறந்தார்கள். இந்தியர்களுக்கு அங்கேயே தனியாக இன்னொன்று, 1925-ல். சித்தம் கலங்கினாலும் வரிசை மாறக்கூடாது பாருங்கள்.

உங்களை மிகவும் பாதித்த ஒரு விஷயம்?

இரண்டு சொல்கிறேன். நியூயார்க் மாநிலத்தில் வில்லார்டு ஆஸ்பத்திரியை 1995-ல் மூடும்போது பரணில் சுமார் 400 பெட்டிகள் கிடைத்தன. உள்ளே சேரும்போது நோயாளிகள் கொண்டுவந்த பெட்டிகள். வெளியே போகும்போது வாங்கிக்கொள்ளலாம் என்று சீட்டு ஒட்டி வைத்திருந்தார்கள். பலர் போகவே இல்லை.

இன்னொன்று அமிர்தசரஸ். பிரிவினைக்குப் பிறகு இரு நாட்டு அரசுகளும் கைதிகளைப் போலவே மனநோயாளிகளையும் மாற்றிக்கொண்டன. லாகூர் ஆஸ்பத்திரியில் இருந்த இந்து, சீக்கிய நோயாளிகள் 1950-ல் இந்தப் பக்கம் அனுப்பப்பட்டு அமிர்தசரஸுக்கு வந்தார்கள். கூட்டிப்போக வர வேண்டியவர்கள் எந்த ஊரில் அகதியாக இருக்கிறார்களோ! அதே அமிர்தசரஸ் ஆஸ்பத்திரியில் 1950-களில் வித்யா சாகர் என்ற டாக்டர், நோயாளியின் குடும்பத்தையே கூட வந்து தங்கச் சொன்னார். இடம் இல்லை, வளாகத்தில் கூடாரம் அடித்தார். அம்மாவோ அண்ணனோ அங்கேயே சமைத்து, நோயாளியைப் பார்த்துக்கொண்டு, டாக்டர் பேசுவதைக் கேட்டு நோயைப் புரிந்துகொண்டு, தேறியதும் கையோடு கூட்டிப்போனார்கள். குடும்பத்தைச் சிகிச்சையில் சேர்த்துக்கொள்ளும் இந்திய வழக்கத்துக்கு அது ஒரு பெரிய தொடக்கம். நிம்ஹான்ஸிலும் பிறகு குடும்ப வார்டு வந்தது. நான்கு மதில் ஓர் ஆளைக் குணப்படுத்தும் என்று நூறு வருடம் நம்பியதற்கு, ஒரு கூடாரம் சொன்ன பதிலாகவே இதை எடுத்துக்கொள்கிறேன்.

கோயில், தர்கா பற்றி எழுதும்போது அவற்றை ஆதரிக்கிறீர்களா, எதிர்க்கிறீர்களா?

கேட்பவர்கள் இரண்டில் ஒன்றைச் சொல்லச் சொல்கிறார்கள். என்னால் முடியாது.

2001 ஆகஸ்ட் 6 அன்று ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் ஒரு தனியார் காப்பகக் கொட்டகை எரிந்து 28 பேர் இறந்தார்கள். சங்கிலியில் கட்டப்பட்டிருந்ததால் ஓட முடியவில்லை. தர்காவுக்கு வந்த கூட்டத்தை நம்பி முளைத்த காப்பகங்களில் ஒன்று அது. உச்ச நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்தது. 2017 மனநலச் சட்டம் சங்கிலியால் கட்டுவதை எந்த வகையிலும் கூடாது என்கிறது. இதில் எனக்கு இரண்டாவது கருத்து கிடையாது.

ஆனால் திருச்சி பக்கம் குணசீலத்தில் பெருமாள் கோயிலில் ஒரு மண்டலம், அதாவது 48 நாள், தங்கவைக்கும் வழக்கம் இருக்கிறது. இப்போது அங்கே அனுமதி பெற்ற மறுவாழ்வு மையமும் உண்டு. நிம்ஹான்ஸ் மருத்துவர்களே தமிழ்நாட்டில் முத்துசுவாமி கோயில் ஒன்றுக்குப் போய், அங்கே தங்கிய 31 பேரை ஆராய்ந்து 2002-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் எழுதினார்கள். சராசரியாக ஆறு வாரம் தங்கியவர்களுக்கு நோய் அறிகுறி சுமார் 20 சதவீதம் குறைந்திருந்தது. மருந்து இல்லை, பெரிய சடங்கும் இல்லை. மிரட்டாத, அனுசரணையான இடம் என்பதுதான் காரணமாக இருக்கலாம் என்றார்கள். பெல்ஜியத்தில் கீல் என்ற ஊரும் இப்படித்தான்: ஒரு புனிதரின் கோயிலுக்கு வந்த நோயாளிகளை ஊர்க்காரர்கள் தங்கள் வீட்டிலேயே வைத்துக்கொள்ள ஆரம்பித்து, 1930-களின் கடைசியில் 3,700-க்கும் மேற்பட்டவர்கள் அந்த ஊர் வீடுகளில் இருந்தார்கள்.

கோயிலா ஆஸ்பத்திரியா என்பதைவிட, கட்டிப்போட்டார்களா இல்லையா, திரும்பக் கூட்டிப்போக வந்தார்களா இல்லையா என்றுதான் நான் பார்க்கிறேன்.

எழுத்தாளர்களுக்குக் கொஞ்சம் பைத்தியம் இருந்தால்தான் எழுத்து வருமா?

வராது. சோர்வு நோய் வந்தவர்களிடம் போய்க் கேளுங்கள், ஒரு தபால் எழுதக்கூட முடியாது என்பார்கள். விதிவிலக்குகளைத்தான் நாம் நினைவில் வைத்திருக்கிறோம். இங்கிலாந்தின் பிராட்மூர் மனநல ஆஸ்பத்திரியில் அடைபட்டிருந்த வில்லியம் மைனர் ஆக்ஸ்போர்டு அகராதிக்கு ஆயிரக்கணக்கில் மேற்கோள் அனுப்பினார். நியூஸிலாந்தின் ஜேனட் ஃப்ரேமுக்கு மூளை அறுவை நடக்க இருந்தது. அவருடைய சிறுகதைத் தொகுப்புக்குப் பரிசு கிடைத்த செய்தி வர, டாக்டர் அறுவையை ரத்து செய்தார். இந்தக் கதையை எழுத்தின் மகிமையாகச் சொல்வார்கள். பக்கத்துக் கட்டிலில் பரிசு வாங்காமல் படுத்திருந்தவளுக்கு என்ன ஆனது என்றுதான் எனக்குத் தோன்றும்.

எப்போது, எப்படி எழுதுகிறீர்கள்?

காலையில், காபிக்குப் பிறகு, நீள நோட்டில். அறிக்கையிலிருந்து எடுப்பதைக் கையால் நகல் எடுத்துக்கொள்வேன். கைவலி உண்டு, ஆனால் கண்ணுக்குத் தப்புவது கைக்குத் தப்பாது.

நிம்ஹான்ஸை உள்ளே போய்ச் சுற்றிப் பார்க்கலாமா?

அது சுற்றுலாத் தலம் இல்லை. தினமும் ஆயிரக்கணக்கானவர்கள் வைத்தியத்துக்கு வரும் இடம். கேமராவோடு போகாதீர்கள். உள்ளே இருப்பவரின் படத்தையோ விவரத்தையோ அவர் சம்மதம் இல்லாமல் ஊடகத்தில் வெளியிடக் கூடாது என்று சட்டமே சொல்கிறது. மூளை அருங்காட்சியகம் மட்டும் பொதுமக்களுக்கு உண்டு. நாளும் நேரமும் விசாரித்துவிட்டுப் போங்கள். பள்ளிப் பிள்ளைகளைக் கூட்டிப்போனால் நல்லது. மனித மூளையைக் கையில் வாங்கிப் பார்த்த பிள்ளை, வகுப்பில் யாரையும் 'மெண்டல்' என்று கூப்பிடக் கொஞ்சம் யோசிக்கும்.

என் குடும்பக் கதையை அனுப்பினால் எழுதுவீர்களா?

உயிரோடு இருப்பவரின் கதை என்றால் மாட்டேன். அவரே கேட்டுக்கொண்டாலும் பெயர், ஊர், தொழில் எல்லாம் மாற்றித்தான் எழுதுவேன். அண்ணனின் கதையைத் தம்பி அனுப்புவது, மனைவியின் கதையைக் கணவர் அனுப்புவது, இவை இரண்டும்தான் அதிகம் வருகின்றன. படித்துவிட்டு, சம்பந்தப்பட்டவருக்கு இது தெரியுமா என்று மட்டும் கேட்பேன். பெரும்பாலும் அதற்குப் பிறகு கடிதம் வராது.

அவசரமாக உதவி வேண்டி எனக்கு எழுதுபவர்களும் இருக்கிறார்கள். நான் மின்னஞ்சலை இரண்டு நாளைக்கு ஒருமுறைதான் பார்ப்பேன். 14416 என்ற டெலி மானஸ் எண்ணுக்குக் கூப்பிடுங்கள். மத்திய அரசின் இலவச சேவை, இருபத்து நான்கு மணி நேரமும் உண்டு, தமிழிலும் பேசலாம்.

எங்கள் பாட்டியின் தங்கையைக் கீழ்ப்பாக்கத்தில் விட்டுவிட்டு வந்ததாகச் சொல்வார்கள். பதிவு ஏதாவது கிடைக்குமா?

இந்தக் கேள்வி இப்போதெல்லாம் நிறைய வருகிறது. அச்சிட்ட ஆண்டறிக்கைகளில் தேடாதீர்கள், அவற்றில் எண்ணிக்கைதான் இருக்கும், ஆட்களின் பெயர் அபூர்வம். முதலில் வீட்டில் தேடுங்கள்: பழைய கடிதம், மணியார்டர் ரசீது, பாகப் பிரிவினைப் பத்திரம். சொத்துப் பத்திரத்தில் ஒருவர் பெயர் இருந்து கையெழுத்து இல்லை என்றால் அங்கே நிறுத்தி யோசியுங்கள். அந்த வருடம் கிடைத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. வருடத்தையும், எப்படி உறவு என்பதற்கான அத்தாட்சியையும் வைத்து மருத்துவமனைக்கு எழுத்தில் விண்ணப்பியுங்கள்; நேரில் போய்க் கவுன்டரில் கேட்டால் பதில் வராது. கோர்ட் மூலமாகச் சேர்த்திருந்தால் அந்த உத்தரவு மாவட்ட நீதிமன்றப் பதிவுகளில் இருக்க வாய்ப்பு உண்டு. மிகப் பழைய அரசு உத்தரவுகளுக்கு எழும்பூர் தமிழ்நாடு ஆவணக் காப்பகம். மைசூர் ராஜ்யத்துப் பக்கம் என்றால் கர்நாடக மாநில ஆவணக் காப்பகம்.

ஒன்று மட்டும். போகும் முன் வீட்டுப் பெரியவர்களிடம் அவர் பெயரை எல்லா விதமாகவும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்: பள்ளிப் பெயர், கூப்பிட்ட பெயர், அப்பா பெயர், புருஷன் பெயர். ராஜம்மாள், ராஜாமணி, ராஜி மூன்றும் ஒரே ஆளாக இருக்கலாம். பதிவேட்டில் எழுதியவர் காதில் விழுந்ததைத்தான் எழுதியிருப்பார்.